அக்டோபர் விற்பனை என்று ஒன்று கிடையாது

ஈக்காட்டுத்தாங்கலில் இரண்டு விதமான ஆட்கள் வேலை செய்கிறார்கள். கிண்டி தொழிற்பேட்டைப் பக்கம் லேத், பிரஸ், மோல்டிங் என்று இரும்போடும் பிளாஸ்டிக்கோடும் மல்லுக்கட்டுகிறவர்கள் ஒரு கூட்டம். கண்ணாடிக் கட்டடங்களில் ஏசிக்குள் உட்கார்ந்து பொட்டி தட்டுகிறவர்கள் இன்னொரு கூட்டம். முதல் கூட்டத்திடம் "தீபாவளி எந்த மாசம்?" என்று கேட்டால், "எந்த வருஷத்துக்குக் கேக்குறீங்க?" என்று திருப்பிக் கேட்பார்கள். இரண்டாவது கூட்டத்திடம் விற்பனை டேட்டாவைக் கொடுத்தால், எதுவும் கேட்காமல் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்று பன்னிரண்டு வரியாகக் கூட்டிக் கொடுத்துவிடுவார்கள். கேள்வி கேட்டவர் படிக்காதவர் என்றும் கேட்காதவர் அனலிஸ்ட் என்றும் பெயர் :-)

சாஸ் படிக்கும் எல்லோருக்கும் இரண்டாவது வாரத்திலேயே வரும் பயிற்சி இது: விற்பனை டேட்டாவை மாதவாரியாகவும் வருஷவாரியாகவும் தொகுத்துக் காட்டு. ஐந்து வரி கோடு. ப்ராக் மீன்ஸ், ஒரு கிளாஸ், ஒரு வார், ஒரு ஃபார்மட், கடைசியில் ரன். "அவ்வளவுதான், ரொம்ப ஈஸி, அடுத்த சாப்டர் போகலாம்" என்பதுதான் வகுப்பில் நடப்பது. இந்த "ரொம்ப ஈஸி"தான் பிரச்சினை. விற்பனைக் கணக்கில் பொய் நுழைவதற்கு இதைவிட அகலமான கதவு வேறு கிடையாது. யாரும் வேண்டுமென்றே பொய் சொல்வதில்லை. கூட்டல் சரியாகத்தான் இருக்கிறது. எதை எதோடு சேர்த்துக் கூட்டுவது என்பதை மட்டும் யாரும் யோசிப்பதில்லை.

முதலில் பாடம் எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். சாஸ் மென்பொருளோடு சில மாதிரி டேட்டா சேர்ந்தே வரும். அதில் பிரபலமானது சாஸ்ஹெல்ப் லைப்ரரியில் இருக்கும் பிஆர்டிசேல். கனடா, ஜெர்மனி, அமெரிக்கா என்று மூன்று நாடுகள். கட்டில், நாற்காலி, மேஜை மாதிரி ஐந்து பொருட்கள். 1993, 1994 என்று இரண்டு வருஷங்கள். மொத்தம் 1440 வரிகள். 24 மாதத்தால் வகுத்தால் மாதத்துக்குச் சரியாக 60 வரி. ஒரு மாதம்கூடக் காணாமல் போகவில்லை. ஒரு மாதத்தில்கூட ஒரு வரி கூடவோ குறையவோ இல்லை. புயல் கிடையாது, பண்டிகை கிடையாது, கடையடைப்பு கிடையாது. உலகத்தில் எந்தக் கடையிலும் நடக்காத வியாபாரம் அது. அதில் நீச்சல் பழகியவரை ரங்கநாதன் தெருவில் இறக்கிவிட்டால் என்ன ஆகும்?

அந்தச் சுத்தமான டேட்டாவிலேயே ஒரு பொறி இருக்கிறது. அதில் மாதம் என்ற காலம் உண்மையில் ஒரு தேதி. ஆனால் மாதத்தின் மூன்றெழுத்துப் பெயரை மட்டும் காட்டும் ஃபார்மட் அதன்மேல் போடப்பட்டிருக்கிறது. ப்ராக் மீன்ஸில் கிளாஸ் என்று போட்டால், ஃபார்மட் வெளியே காட்டுவதை வைத்துத்தான் சாஸ் குழு பிரிக்கும். அதனால் மாதத்தை மட்டும் கிளாஸில் போட்டால் 24 வரி வராது, 12 வரிதான் வரும். 1993 ஜனவரியும் 1994 ஜனவரியும் ஒரே "ஜன" ஆகிவிடும். லாகில் எர்ரர் வராது, வார்னிங்கும் வராது. இரண்டு வருஷத்து ஜனவரியைக் கூட்டி வைத்துக்கொண்டு "ஜனவரியில் அமோக விற்பனை" என்று ஸ்லைடு போட்டுவிடலாம்.

இதைச் சாஸ் மேல் உள்ள குறையாகச் சொல்லக் கூடாது. தேதி விஷயத்தில் சாஸ் செய்திருக்கும் ஏற்பாடு அருமையானது. 1960 ஜனவரி 1 பூஜ்யம். அதிலிருந்து எத்தனை நாள் என்பதே தேதி. 2023 நவம்பர் 12 என்பது அதற்கு வெறும் 23326. மாதம், வருஷம், காலாண்டு எல்லாம் அந்த எண்ணுக்கு மேல் போடும் சட்டைதான். சட்டையை மாற்றினால் கூட்டலும் மாறும், உள்ளே இருக்கும் டேட்டாவைத் தொட வேண்டியதில்லை. அதாவது மாதம் என்பது டேட்டாவில் கிடையாது. அனலிஸ்ட் எழுதும் ஃபார்மட் வரியில்தான் இருக்கிறது. எந்தச் சட்டை என்று முடிவு செய்வது மெஷின் இல்லை, கீபோர்டில் கை வைத்திருக்கும் மனுஷன். ஆனால் அந்த மனுஷனோ அதை ஒரு முடிவு என்றே நினைப்பதில்லை.

இப்போது தீபாவளிக்கு வரலாம். தமிழ்நாட்டில் தீபாவளி 2021-ல் நவம்பர் 4. 2022-ல் அக்டோபர் 24. 2023-ல் நவம்பர் 12. 2024-ல் அக்டோபர் 31. 2025-ல் அக்டோபர் 20. ஒரு தீபாவளியிலிருந்து அடுத்த தீபாவளிக்கு எத்தனை நாள் என்று கழித்துப் பார்த்தால் 354, 384, 354, 354. ஒரு தடவைகூட 365 வரவில்லை. சந்திரனை வைத்துப் போடும் கணக்கு அப்படித்தான். இரண்டு மூன்று வருஷம் பதினொரு நாள் பதினொரு நாளாகப் பின்னால் வரும். பிறகு ஒரு அதிக மாதம் குறுக்கே வந்ததும் ஒரேயடியாக முன்னால் தாவும். ஊரின் ஜவுளி வியாபாரமே இந்தத் தேதியோடு கட்டப்பட்டிருக்கிறது. அதைப் போய் அக்டோபரோடு அக்டோபர் என்று ஒப்பிட்டால்?

ஒரு கற்பனைக் கடை. சாதாரண நாளில் ஒரு லட்ச ரூபாய் விற்கிறது. தீபாவளி அன்றைக்கு முடியும் 28 நாட்களில் மட்டும் தினம் நாலு லட்சம். 2022-லும் இதே, 2023-லும் இதே. ஒரு ரூபாய்கூட வித்தியாசம் இல்லாமல் அதே வியாபாரம். இதை மாதவாரியாகக் கூட்டினால் 2022-ல் செப்டம்பர் 42 லட்சம், அக்டோபர் 103 லட்சம், நவம்பர் 30 லட்சம். 2023-ல் செப்டம்பர் 30, அக்டோபர் 79, நவம்பர் 66. மூன்று மாத மொத்தம் இரண்டு வருஷமும் 175 லட்சம். ஆனால் மாதத்துக்கு மாதம் ஒப்பிட்டால் செப்டம்பரில் 29 சதவீதம் சரிவு, அக்டோபரில் 23 சதவீதம் சரிவு, நவம்பரில் 120 சதவீதம் வளர்ச்சி. கடையில் எதுவுமே நடக்கவில்லை. நடந்ததெல்லாம் காலண்டரில்.

அந்த எண்ணை வைத்து யார் என்ன செய்கிறார்கள் என்பதுதான் இதில் முக்கியம். அக்டோபர் ரிப்போர்ட் நவம்பர் முதல் வாரம் மேனேஜர் மேஜைக்குப் போகும். சிவப்பு நிறத்தில் 23 சதவீதம். ஃப்ளோர் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு அர்ச்சனை நடக்கும். சேல்ஸ்மேனுக்கு அந்த மாத டார்கெட் போச்சு, இன்சென்டிவ் போச்சு. அடுத்த மாதம் அதே ஆட்கள், அதே வேலை, அதே கால் வலி. ஆனால் பச்சை நிறத்தில் 120 சதவீதம், எல்லோருக்கும் பாராட்டு. அடுத்த வருஷ டார்கெட்டோ அந்த 120-க்கு மேல் ஏற்றி வைக்கப்படும். தீபாவளி மறுபடி அக்டோபருக்குப் போகும்போது அந்த டார்கெட் யாருக்கும் எட்டாது. பன்னிரண்டு மணி நேரம் நின்று புடவை விரித்துக் காட்டுகிறவரின் சம்பளத்தில் கை வைப்பது நிலாவின் சுற்று இல்லை. அந்தச் சுற்றைக் கணக்கில் எடுக்காத ஒரு ஃபார்மட் வரி.

"இதெல்லாம் சின்னக் கடைப் பிரச்சினை, பெரிய இடத்தில் இப்படி நடக்காது" என்று யாராவது சொன்னால், நாட்டின் தொழில் உற்பத்திக் குறியீட்டைப் பார்க்கச் சொல்லலாம். 2023 அக்டோபருக்கு முதலில் வெளியான வளர்ச்சி 11.7 சதவீதம். அடுத்த மாதமே 2.4 சதவீதம். ஒரே மாதத்தில் நாட்டில் இருக்கும் மெஷின் எல்லாம் மூச்சு விட்டுவிட்டதா? அப்படி இல்லை. 2022-ல் தீபாவளி அக்டோபரில் வந்ததால் தொழிற்சாலைகள் அந்த மாதம் லீவு விட்டன. 2023-ல் அதே லீவு நவம்பருக்குப் போனது. 2012-லும் இதே கூத்துதான். அதற்கு முந்தைய வருஷம் தீபாவளி அக்டோபரில், 2012-ல் நவம்பரில். அக்டோபருக்கு 8.2 சதவீத வளர்ச்சி என்றும் நவம்பருக்குப் பூஜ்யத்துக்குக் கீழே 0.1 என்றும் முதல் கணக்கு வந்தது. இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தீபாவளி கடைக்கு விற்பனையை ஏற்றும், தொழிற்சாலைக்கு உற்பத்தியை இறக்கும். ரங்கநாதன் தெருவின் நல்ல மாதம் தொழிற்பேட்டைக்கு லீவு மாதம். ஆக, ஒரே பண்டிகைக்கு எல்லாத் தொழிலுக்கும் ஒரே திருத்தம் போட்டுத் தப்பிக்கவும் முடியாது.

தீபாவளி மட்டும் என்றால் ஒரு அடிக்குறிப்பு எழுதிச் சமாளித்துவிடலாம். தி.நகர் நகைக்கடைக்கு அட்சய திருதியை 2023-ல் ஏப்ரல் 22, 2024-ல் மே 10, 2025-ல் ஏப்ரல் 30. ஏப்ரலோடு ஏப்ரலை ஒப்பிட்டால் 2024-ல் தங்கம் வாங்க ஆளே இல்லை என்று தெரியும். 2025-ல் எல்லோரும் திரும்பி வந்துவிட்டதாகத் தெரியும். இரண்டும் உண்மை இல்லை.

ஆடித் தள்ளுபடி வேறு வகை. ஆடி சூரியக் கணக்கு மாதம். ஏறக்குறைய ஜூலை 17-ல் பிறந்து ஆகஸ்ட் 16 வாக்கில் முடியும். வருஷா வருஷம் நகராது. அதனால் ஜூலையோடு ஜூலை ஒப்பீடு இதில் பெரிதாகக் கெடாது. ஆனால் ஆடி என்ற ஒன்று ரிப்போர்ட்டிலேயே இருக்காது. பாதி ஜூலையிலும் பாதி ஆகஸ்டிலும் கரைந்துபோகும். கல்யாணம் இல்லாத மாதம், துணி எடுக்க ஆள் வராது, அதனால்தான் தள்ளுபடி என்று ஒரு ஊரே சேர்ந்து உண்டாக்கிய வியாபார உத்தி அது. "தள்ளுபடி கொடுத்தது லாபமா நஷ்டமா?" என்று முதலாளி கேட்டால், பன்னிரண்டு வரி ரிப்போர்ட்டில் அதற்குப் பதில் கிடையாது. கேள்வி ஆடியைப் பற்றி, பதில் ஆகஸ்டைப் பற்றி.

"மாதத்தில்தானே குழப்பம், வருஷக் கணக்கு பத்திரமாக இருக்குமே" என்று நினைத்தால் அதுவும் இல்லை. ரம்ஜான் பெருநாள் இந்தியாவில் 2023-ல் ஏப்ரல் 22, 2024-ல் ஏப்ரல் 11, 2025-ல் மார்ச் 31. நிதியாண்டு ஏப்ரல் 1 தொடங்கி மார்ச் 31 வரை. அப்படியானால் 2024-25 நிதியாண்டில் எத்தனை ரம்ஜான் பெருநாள்? இரண்டு. முதல் வாரங்களில் ஒன்று, கடைசி நாளில் ஒன்று. திருவல்லிக்கேணியில் துணிக்கடையோ அத்தர் கடையோ வைத்திருப்பவருக்கு அந்த நிதியாண்டு நன்றாக இருந்திருந்தால், அது கடைக்காரரின் சாமர்த்தியமா, காலண்டரின் கருணையா? வருஷவாரித் தொகுப்பைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. ஏப்ரல்-மார்ச் என்ற ஏற்பாடே 1867-ல் பிரிட்டன் அரசாங்கக் கணக்கோடு ஒத்துப்போவதற்காக வந்தது. அதற்கு முன் மே முதல் ஏப்ரல் வரை இருந்தது. அது ஒன்றும் வானத்திலிருந்து இறங்கியது இல்லை. லண்டன் வசதிக்கு வெட்டிய கோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வாடிக்கையாளரின் பண்டிகையை வெட்டிப் போட்டுவிட்டு, அதற்கு வளர்ச்சி விகிதம் வேறு கணக்கிடுகிறார்கள்.

பண்டிகையையே விட்டுவிடலாம். பிப்ரவரிக்கு வரலாம். 2024 பிப்ரவரிக்கு 29 நாள், 2023 பிப்ரவரிக்கு 28. தினசரி விற்பனை துளிகூட மாறாத கடைக்கும் 3.6 சதவீத வளர்ச்சி இலவசம். 2022 அக்டோபரில் ஐந்து சனி, ஐந்து ஞாயிறு. 2023 அக்டோபரில் ஐந்து ஞாயிறு, நாலே சனி. வார இறுதிக் கூட்டத்தை நம்பி இருக்கும் கடைக்கு ஒரு சனிக்கிழமை என்றால் சும்மா இல்லை. மூன்று நாலு சதவீத வித்தியாசத்துக்கு மீட்டிங் போட்டு மண்டையை உடைத்துக்கொள்ளும் இடங்களில், சனிக்கிழமையை எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்?

இனி ஈக்காட்டுத்தாங்கலின் டிசம்பர்கள். 2015 டிசம்பர் 1 ராத்திரி செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அடையாறு கரை தாண்டி ஜாபர்கான்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல், சைதாப்பேட்டை என்று எல்லாவற்றையும் முழுக்கியது. பட்டறைகளில் மோட்டாரெல்லாம் சேற்றில். அடுத்த வருஷம் நவம்பர் 8-ல் பண மதிப்பிழப்பு. டிசம்பர் 5 ராத்திரி முதலமைச்சர் ஜெயலலிதா மறைவு, ஊர் முழுக்கக் கடையடைப்பு. டிசம்பர் 12-ல் வர்தா புயல், விழுந்த மரங்கள், நாள் கணக்கில் கரண்ட் இல்லை. இந்த டிசம்பரை அந்த டிசம்பரோடு ஒப்பிட்டு "எட்டு சதவீத வளர்ச்சி" என்று ஒரு ரிப்போர்ட் வந்தால் அதற்கு என்ன அர்த்தம்? வெள்ளத்தில் விற்றதைவிடப் புயலில் கொஞ்சம் அதிகம் விற்றது என்று அர்த்தம். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் வந்தது. அதனால் 2024 டிசம்பரின் வளர்ச்சி சதவீதத்திலும் மழைத் தண்ணீர் கலந்திருக்கிறது. சென்னையில் டிசம்பர் என்பது ஒரு மாதம் மட்டும் இல்லை, ஒரு ரிஸ்க். அதைப் பன்னிரண்டாவது வரியாக மட்டும் பார்ப்பவர் இந்த ஊரில் மழைக்காலத்தைக் கழித்தவராக இருக்க முடியாது.

கடை மூடியே இருந்த மாதத்துக்கு என்ன ஆகும்? இங்கேதான் ஐந்து வரி கோடு தன் வேலையைக் காட்டும். 2020 ஏப்ரலில் லாக்டவுன். மாருதி சுசூகி நிறுவனமே அந்த மாதம் உள்நாட்டில் ஒரு கார்கூட விற்கவில்லை என்று அறிவித்தது. பில்லே போடாத கடையின் டேட்டாவில் ஏப்ரல் என்று ஒரு வரியும் இருக்காது. ப்ராக் மீன்ஸ் இருப்பதைத்தான் கூட்டும், இல்லாததைப் பூஜ்யம் என்று எழுதி வைக்காது. மார்ச்சுக்கு அடுத்த வரி மே. அதன்மேல் லாக் ஃபங்ஷன் போட்டு "முந்தைய மாதத்தோடு ஒப்பீடு" எடுத்தால், அது முந்தைய மாதத்தை எடுக்காது, முந்தைய வரியை எடுக்கும். மே மாதத்தை மார்ச்சோடு ஒப்பிட்டுவிட்டு "சென்ற மாதத்தைவிட" என்று தலைப்பு போடும். பன்னிரண்டு வரி பின்னால் போய் எடுத்தால் அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு எல்லா ஒப்பீடும் ஒரு மாதம் தள்ளி விழும். சரித்திரத்திலேயே மோசமான மாதம் ரிப்போர்ட்டிலிருந்து சுவடே இல்லாமல் மறைந்துவிடும். இதைவிடப் பெரிய ஜல்லியை யாரும் வேண்டுமென்றே அடிக்க முடியாது.

இதே மாதிரி சத்தமில்லாத இன்னும் இரண்டு பொறிகள். பில் தேதி காலியாக இருக்கும் வரிகளை கிளாஸ் அப்படியே விலக்கிவிடும். மிஸ்ஸிங் என்ற ஆப்ஷனைத் தனியாகப் போட்டால்தான் அவை கூட்டலில் வரும். மாதங்களின் மொத்தமும் டேட்டாவின் மொத்தமும் ஒத்துப்போகாத இடங்களில் முதலில் பார்க்க வேண்டியது அங்கேதான். அடுத்தது, ப்ராக் எஸ்கியூஎல்லில் குரூப் பை போடுகிறவர்கள். அது ஃபார்மட்டை மதிக்காது, உள்ளே இருக்கும் நாள் எண்ணை வைத்துத்தான் பிரிக்கும். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி என்று வந்து நிற்கும், எல்லா வரியிலும் ஒரே மாதப் பெயர் இருக்கும். சரி என்று புட் ஃபங்ஷன் போட்டு எழுத்தாக மாற்றினால் ஏப்ரலுக்கு அடுத்து ஆகஸ்ட், அதற்கடுத்து டிசம்பர் என்று அகரவரிசையில் கிராஃப் வரும். அந்த கிராஃபைப் பார்த்து "ட்ரெண்ட்" சொன்னவர்களும் உண்டு!

இதற்கெல்லாம் தீர்வு இல்லாமல் இல்லை. அமெரிக்கச் சில்லறை வியாபாரிகள் இந்தத் தலைவலியை எப்போதோ தீர்த்துக்கொண்டார்கள். அவர்களின் தேசியச் சில்லறை வணிகக் கூட்டமைப்பு 4-5-4 என்று ஒரு காலண்டரே வைத்திருக்கிறது. மாதம் என்றால் முழு வாரங்கள் மட்டும், நாலு வாரம், ஐந்து வாரம், நாலு வாரம். அதனால் இந்த வருஷத்து மாதத்திலும் போன வருஷத்து மாதத்திலும் சனிக்கிழமைகள் சமமாக இருக்கும். மிச்சம் சேரும் நாட்களுக்காக ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறை 53-ஆவது வாரம் சேர்ப்பார்கள். 2023 அப்படிப்பட்ட வருஷம். சாஸுக்குள்ளேயே இந்த 4-5-4 மாதிரி இன்டர்வல்கள் தயாராக இருக்கின்றன. ஹாலிடே என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. கிறிஸ்துமஸ், ஈஸ்டர், தேங்க்ஸ்கிவிங், ஹாலோவீன், அன்னையர் தினம், தந்தையர் தினம், கனடா தினம் என்று பட்டியல் நீளும். தீபாவளி? கிடையாது. பொங்கல்? கிடையாது. பருவத் திருத்தத்துக்கு அமெரிக்க மக்கள்தொகை ஆணையம் தரும் எக்ஸ்-13 மென்பொருளிலும் கூடவே வரும் பண்டிகைகள் அவர்களுடையவைதான்.

இதில் அவர்கள்மேல் கோபப்பட ஒன்றுமில்லை. அவர்கள் தங்கள் கடைக்குத் தங்கள் காலண்டரைத் தைத்துக்கொண்டார்கள். கோபப்பட வேண்டியது, அவர்களே கழற்றிப் போட்ட சட்டையை எடுத்து இங்கே ரங்கநாதன் தெருவுக்கு மாட்டிவிடுகிறவர்கள்மேல். சொந்தக் காலண்டர் செய்துகொள்ள சாஸ் தடை போடவில்லை. இன்டர்வல்டிஎஸ் என்ற ஆப்ஷன் மூலம் ஆரம்பத் தேதிகளைக் கொண்ட ஒரு சின்ன டேபிளைக் கொடுத்தால், ஆடி, ஆவணி என்று இன்டர்வல் உருவாக்கிக்கொள்ளலாம். நிதியாண்டு வேண்டுமென்றால் இன்ட்நெக்ஸில் "இயர் புள்ளி 4" என்றாலே வருஷம் ஏப்ரலில் ஆரம்பிக்கும். கதவு திறந்துதான் இருக்கிறது. உள்ளே போகச் சொல்லித்தர ஆள் இல்லை.

எதிர்த் தரப்பு என்ன சொல்லும் என்பதும் தெரிந்ததுதான். "ஜிஎஸ்டி ரிட்டர்ன் ஆங்கில மாதத்துக்கு, சம்பளம் ஆங்கில மாதத்துக்கு, வாடகை ஆங்கில மாதத்துக்கு. அப்புறம் ரிப்போர்ட் மட்டும் எப்படி வேறு மாதத்துக்கு?" நியாயம்தான். கணக்கு ஒப்படைக்க ஆங்கில மாதம் வேண்டும், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் கணக்கு ஒப்படைப்பது வேறு, ஏன் ஏறியது ஏன் இறங்கியது என்று சொல்வது வேறு. முதலாவதற்குச் செய்த டேபிளை இரண்டாவதற்கும் தூக்கிக் கொடுப்பதுதான் தப்பு. ஜிஎஸ்டியிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. 2024 ஏப்ரலில் 2.10 லட்சம் கோடி ரூபாய் வசூல் என்று சாதனைச் செய்தி வந்தது. அந்தப் பணத்தின் பெரும்பகுதி மார்ச் மாத வியாபாரத்துக்கானது. வரி வந்து சேர்ந்த மாதமும் பொருள் விற்ற மாதமும் வேறு வேறு. தலைப்பில் "ஏப்ரல்" என்று பார்த்ததும் ஏப்ரலில் ஜனங்கள் கடைக்கு ஓடினார்கள் என்று நினைத்துக்கொண்டால், அது படிப்பவரின் தப்பு மட்டும் இல்லை.

இன்னொரு வாதம்: "இதையெல்லாம் மேனேஜர் பார்த்துப்பார். ஃப்ரெஷர் வேலை கோடு ரன் பண்ணுறதுதானே?" இதுதான் எல்லாவற்றிலும் மோசமான வாதம். மேனேஜர் கையில் கிடைப்பது பன்னிரண்டு எண்கள் மட்டும். முப்பது நாள் எப்படி ஒரு எண்ணாகச் சுருங்கியது என்பது அவருக்குத் தெரியாது. அது தெரிந்த ஒரே ஆள் அந்த ஃபார்மட் வரியை எழுதியவர். அங்கே ஒரு முடிவு எடுக்கப்பட்டுவிட்டது, எடுத்தவர் ஃப்ரெஷர். தெரியாமல் எடுத்ததால் அது முடிவு இல்லை என்று ஆகிவிடாது.

"தினசரி டேட்டா இருக்கிறதே, வேண்டுமானால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பது மூன்றாவது வாதம். யாரும் பிறகு பார்ப்பதில்லை. மாதத் தொகுப்பை மட்டும் சேமித்து வைத்துக்கொண்டு தினசரி பில்களை அழித்துவிடும் இடங்களும் இருக்கின்றன. கூட்டிய பிறகு பிரிக்க முடியாது. அக்டோபர் 79 லட்சம் என்ற எண்ணிலிருந்து தீபாவளிக்கு முந்தைய பத்து நாளை எந்த ப்ராக்கும் வெளியே எடுத்துக் கொடுக்காது. இட்லியை மறுபடி மாவாக்க முடியாது.

அப்படியானால் என்னதான் செய்வது? பெரிய வித்தை ஒன்றும் தேவையில்லை. ஒன்று, பண்டிகைத் தேதிகளைப் போட்டு ஒரு சின்ன டேபிள். வருஷத்துக்குப் பத்து வரிகூட வராது. பில் தேதியிலிருந்து தீபாவளித் தேதியைக் கழித்தால் "பண்டிகைக்கு எத்தனை நாள் முன்னால்" என்ற எண் கிடைக்கும். சாஸில் தேதியே எண் என்பதால் இது வெறும் கழித்தல். அந்த 28 நாளை அந்த 28 நாளோடு ஒப்பிட்டால் மேலே சொன்ன கற்பனைக் கடையில் வளர்ச்சி சரியாகப் பூஜ்யம் வரும், அதுதான் உண்மை. வாகன விற்பனையாளர்களின் சங்கமான ஃபாடா இதைத்தான் செய்கிறது. நவராத்திரி முதல் நாளில் ஆரம்பித்து தன்தேரஸ் முடிந்து பதினைந்து நாள் வரை, 42 நாட்களைப் பண்டிகைக் காலம் என்று தனியாகக் கூட்டி வருஷத்துக்கு வருஷம் ஒப்பிடுகிறது. மோட்டார் பைக் விற்பவர்களுக்குத் தெரிந்தது புள்ளியியல் படித்தவர்களுக்குத் தெரியாமல் போனது எப்படி?

இரண்டு, மாத மொத்தத்துக்குப் பக்கத்தில் கடை திறந்திருந்த நாட்கள் எத்தனை, அதில் சனி ஞாயிறு எத்தனை என்று இரண்டு காலம். ஒரு நாள் சராசரி என்ற ஒரே எண் பாதிப் பொய்யைக் குறைத்துவிடும். மூன்று, விற்பனையே இல்லாத மாதத்துக்கும் ஒரு வரி. ப்ராக் டைம்சீரிஸ் இடைவெளிகளை நிரப்பித் தரும், காலியானதைப் பூஜ்யமாக்கு என்று சொன்னால் செய்யும். பூஜ்யத்தோடு ஒப்பிட்டுச் சதவீதம் மட்டும் போடக் கூடாது, "கடை மூடியிருந்தது" என்று எழுதினால் போதும். நாலு, வெள்ளம், புயல், லாக்டவுன், வரி மாற்றம் இவற்றுக்கு ஒரு குறிப்புக் காலம். 2015 டிசம்பருக்கு எதிரே "வெள்ளம்" என்ற ஒரு வார்த்தை இருந்தால், பத்து வருஷம் கழித்து அந்த டேபிளைத் திறப்பவர் அந்தச் சரிவுக்குச் சேல்ஸ் டீமைத் திட்ட மாட்டார். ஐந்து, பிரிந்த எல்லாத் தொகையையும் கூட்டினால் மூல டேட்டாவின் மொத்தம் வருகிறதா என்று கடைசியில் ஒரு தடவை சரிபார்க்க வேண்டும்.

இவ்வளவும் சேர்ந்தால் ஐந்து வரி கோடு ஐம்பது வரி ஆகும். ஒரு மத்தியான வேலை. கல்லூரி ப்ராஜெக்டுக்கு பிஆர்டிசேலை எடுத்து ஒரே மாதிரி நாற்பது ரிப்போர்ட் எழுதுவதற்குப் பதில், தெரு முனை மளிகைக் கடையின் ஒரு வருஷ பில் புக்கைக் கேட்டு வாங்கி அதைத் தொகுத்துப் பார்க்கட்டும். முதல் நாளே தெரிந்துவிடும், சம்பளம் போடும் முதல் வாரத்தில் ஒரு கடை, இருபத்தைந்தாம் தேதிக்கு மேல் வேறு கடை என்று. மார்கழியில் கோலமாவு ஏறுவதும், புரட்டாசியில் முட்டை இறங்குவதும் பில் புக்கிலேயே இருக்கும். ஜனவரி, பிப்ரவரி என்று கூட்டினால் மட்டும் இருக்காது.

விற்பனை என்பது ஜனங்கள் வாங்குவது. ஜனங்கள் சம்பளத் தேதியைப் பார்த்து, முகூர்த்த நாளைப் பார்த்து, நோன்பைப் பார்த்து, மழையைப் பார்த்து வாங்குகிறார்கள். யாரும் மாதம் முப்பதாம் தேதி ஆகிவிட்டதே, அக்டோபர் கணக்கில் சேரட்டும் என்று கடைக்கு ஓடி வருவதில்லை. வாங்குகிறவரின் காலண்டரைத் தெரிந்துகொள்ளாமல் விற்றதைக் கூட்டுகிறவருக்குச் சாஸ் தெரியும் என்று வேண்டுமானால் சொல்லலாம். வியாபாரம் தெரியும் என்று சொல்ல முடியாது. அந்தக் கூட்டலை நம்பி ஒருவரின் இன்சென்டிவை வெட்டுவதற்கு முன்னால், அந்த மாதத்தில் தீபாவளி இருந்ததா இல்லையா என்றாவது பார்த்துவிடுங்கள்.